"கணுக்காலில் காயம்": ஒரே செய்தி, ஒருவருக்குப் பதினோரு நாள், இன்னொருவருக்கு இரண்டு மாதம். ஏன்?

2022 நவம்பர் 24, கத்தார் உலகக் கோப்பை. செர்பியாவுடன் ஆடிய முதல் ஆட்டத்தில் பிரேசிலின் நெய்மாருக்கு வலது கணுக்கால் பிசகியது. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உலகக் கோப்பை அவருக்கு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் பதினோரே நாளில், டிசம்பர் 5 அன்று, தென் கொரியாவுக்கு எதிராக இறங்கி பெனால்டியில் கோலும் அடித்தார். அடுத்த மூன்று மாதத்துக்குள், 2023 பிப்ரவரி 19 அன்று, பிரான்ஸின் பி.எஸ்.ஜி. அணிக்காக லில் அணியுடன் ஆடும்போது அதே வலது கணுக்கால் மறுபடி மடங்கியது. இந்த முறை அறுவை சிகிச்சை வரை போனது. அந்த சீசன் அவருக்கு அத்தோடு முடிந்தது.

2024 ஜூலை 14 அன்று, தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவின் இறுதி ஆட்டத்தின் 66ஆம் நிமிடத்தில் மெஸ்ஸி வெளியேறினார். பூட்ஸைக் கழற்றியதும் வீங்கிப்போன வலது கணுக்காலை கேமரா காட்டியது. அவர் மறுபடி களமிறங்கியது செப்டம்பர் 14 அன்று, சரியாக இரண்டு மாதம் கழித்து.

மூன்று முறையும் செய்தியில் வந்த சொற்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: "கணுக்கால் தசைநாரில் காயம்." ஒருமுறை பதினோரு நாள், ஒருமுறை இரண்டு மாதம், ஒருமுறை அறுவை சிகிச்சை. வீரரின் மன உறுதியோ, மருத்துவர்களின் திறமையோ இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம் இல்லை. கணுக்கால் காயம் என்பது ஒரு காயத்தின் பெயரே அல்ல. குறைந்தது ஐந்து வகைக் காயங்களை நாம் அந்த ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மூட்டு எப்படி அமைந்திருக்கிறது

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்பக்கம் இருப்பது தடிமனானது, உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது அதுதான். வெளிப்பக்கம் இருப்பது மெல்லியது. இரண்டின் கீழ் முனைகளும் சேர்ந்து கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற ஒரு பொந்தை உண்டாக்குகின்றன. பாதத்தின் மேல் எலும்பான டேலஸ் அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. காலின் இரண்டு பக்கமும் கையில் தட்டுப்படும் புடைப்புகள் இந்தப் பொந்தின் இரண்டு சுவர்கள்தான். இனி அவற்றை உள்கணு, வெளிக்கணு என்று சொல்வோம்.

டேலஸ் எலும்பில் ஒரு தசைகூட நேரடியாக ஒட்டவில்லை. எலும்பின் வடிவமும் சுற்றியிருக்கும் தசைநார்களும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தசைநார் என்ற சொல்லைப் பத்திரிகைகள் இரண்டு பொருளில் எழுதுவதால் குழப்பம் வருகிறது. இங்கே அது எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நாரை, அதாவது லிகமென்டை, மட்டும் குறிக்கிறது. தசையை எலும்போடு இணைக்கும் டென்டன் வேறு.

கணுக்காலில் இந்த நார்கள் மூன்று தொகுதிகளாக இருக்கின்றன.

1. வெளிப்பக்க நார்கள். வெளிக்கணுவிலிருந்து முன்னே ஒன்று, கீழே ஒன்று, பின்னே ஒன்று என மூன்று. முன்னால் இருப்பதுதான் இவற்றில் பலவீனமானது. கணுக்கால் பிசகினால் பெரும்பாலும் முதலில் அறுவது அதுதான்.

2. உள்பக்க நார். விசிறி போல் விரிந்த தடித்த பட்டை, லேசில் கிழியாது.

3. மேல் நார்கள். கணுவுக்குச் சற்று மேலே இரண்டு கால் எலும்புகளையும் ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பவை. பொந்தின் சுவர்கள் விலகாமல் காப்பது இவை.

பாதம் ஏன் பெரும்பாலும் உள்பக்கமாகவே மடங்குகிறது? வெளிக்கணு உள்கணுவைவிடக் கீழே இறங்கியிருப்பதால் பாதம் வெளிப்பக்கம் சாயும்போது அது தடுப்பாக நிற்கிறது. உள்பக்கம் அந்த அளவுக்குத் தடுப்பு இல்லை. அதோடு, டேலஸ் முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கும். விரல்களை மேலே தூக்கினால் அகலமான பகுதி பொந்துக்குள் வந்து இறுக்கமாகப் பொருந்தும். விரல்களைக் கீழே நீட்டினால் குறுகலான பகுதி வந்து மூட்டு தளரும். பந்தை உதைக்கும்போதும், தலையால் முட்ட எம்பிக் குதித்து இறங்கும்போதும் பாதம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், விரல்கள் கீழ்நோக்கித்தான் இருக்கும். மூட்டு மிகத் தளர்வாக இருக்கும் நிலையில்தான் கால்பந்து வீரர் அதிக வேலை வாங்குகிறார்.

பிசகும் அந்தக் கணம்

ஒரு வீரர் வேகமாக ஓடிவந்து காலை ஊன்றப்போகிறார். பாதம் தரையைத் தொட இன்னும் ஓர் அங்குலம் இருக்கும்போது எதிரணி வீரரின் கால் அவரது காலின் உள்பக்கத்தில் மோதுகிறது. விழுந்துவிடும் அளவுக்கு அடி இல்லை. ஆனால் கால் சற்றே வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பாதம் தட்டையாக இறங்காமல் வெளி விளிம்பில் இறங்குகிறது. மேலே இருக்கும் மொத்த உடல் எடையும் அந்த விளிம்பின் மேல் வந்து விழுகிறது. பாதம் உள்ளே மடங்குகிறது, வெளிப்பக்க நார் இழுபட்டு அறுகிறது.

ஆட்ட வீடியோக்களை ஆராய்ந்த விளையாட்டு மருத்துவர்கள், கால்பந்தில் மோதலால் வரும் பிசகலுக்கு இதை முக்கியமான வழியாகச் சொல்கிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. பந்தை ஓங்கி உதைக்கப் போகும் கால், பந்துக்குப் பதிலாகக் குறுக்கே வந்த எதிராளியின் காலில் மோதி, பாதம் வலுக்கட்டாயமாகக் கீழ்நோக்கி வளைக்கப்படுவது. இவை தவிர, யாருமே தொடாமல், குழியில் கால் வைத்தோ, திரும்பும்போது பூட்ஸின் ஆணிகள் தரையில் மாட்டிக்கொண்டோ பிசகுவதும் நிறைய.

"பார்த்துக் காலை வைத்திருக்கலாமே" என்று சொல்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதம் மடங்கி நார் அறுவதற்கு ஏறத்தாழ ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லி நொடிகள் போதும். காலின் வெளிப்பக்கத் தசைகள் ஆபத்தை உணர்ந்து சுருங்கத் தொடங்கவே 60 முதல் 90 மில்லி நொடிகள் ஆகும். தசை விழித்துக்கொள்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. வீரரின் கவனக்குறைவு என்று இதைச் சொல்வது நியாயமே இல்லை. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே தசைகள் தயாராக இறுகியிருந்தால்தான் தப்பிக்க முடியும். அது பயிற்சியால் வருவது.

விதிகளும் இதில் சேர்கின்றன. பின்னாலிருந்து வந்து எதிராளிக்கு ஆபத்து உண்டாக்கும் டேக்கிளுக்கு, அதாவது பந்தைப் பறிக்கக் காலை நீட்டிப் பாய்வதற்கு, சிவப்பு அட்டை என்பது 1998 உலகக் கோப்பையில் கண்டிப்பாக வலியுறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்பதற்கு மரடோனாவின் கால் சாட்சி. 1983 செப்டம்பரில் பார்சிலோனாவுக்காக ஆடியபோது அத்லெடிக் பில்பாவோவின் கோய்கோஎட்சியா பின்னாலிருந்து செய்த டேக்கிளில் அவரது இடது கணுக்கால் எலும்பு முறிந்து, நாரும் கிழிந்தது.

எது கிழிந்தது? நாள்கணக்கு அங்கேதான் மாறுகிறது

1. வெளிப்பக்க நார்க் கிழிவு. கணுக்கால் சுளுக்குகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். இதை மூன்று நிலைகளாகப் பிரிப்பார்கள். நார் இழுபட்டு இழைகள் மட்டும் சேதமானால் முதல் நிலை. ஒன்றிரண்டு வாரத்தில் ஆடிவிடலாம். பாதி கிழிந்தால் இரண்டாம் நிலை. மூன்று முதல் ஆறு வாரம். முழுவதும் அறுந்தால் மூன்றாம் நிலை. ஆறு முதல் பன்னிரண்டு வாரம். முழுதாக அறுந்தாலும் உடனே கத்தி வைக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு முறையான பயிற்சியிலேயே குணமாகும்.

2. மேல் கணுக்கால் சுளுக்கு. ரசிகர்களை அதிகம் ஏமாற்றும் காயம் இதுதான். பாதம் உள்ளே மடங்குவதால் வருவதில்லை இது. பூட்ஸ் தரையில் மாட்டிக்கொண்டு பாதம் வெளிப்பக்கம் திருகிக்கொள்ள, அதன்மேல் உடல் சாயும்போது வருவது. வீக்கம் குறைவாக இருக்கும், வீரர் நடந்தேகூட வெளியே வருவார். ஆனால் ஓடித் திரும்பச் சொன்னால் முடியாது. கெண்டைக்காலின் நடுவில் இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால் வலி அழுத்திய இடத்தில் வராமல் கீழே கணுவுக்கு மேலே வரும். மருத்துவர்கள் மைதானத்திலேயே செய்து பார்க்கும் சோதனை இது.

இதற்கு ஏன் அதிக நாள்? ஒவ்வோர் அடி வைக்கும்போதும் டேலஸ் மேலே ஏறி இரண்டு எலும்புகளையும் விலக்கப் பார்க்கிறது. ஆறவேண்டிய நார் நடக்கும்போதெல்லாம் இழுபடுகிறது. டேலஸ் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தாலே மூட்டில் எலும்புகள் தொடும் பரப்பு 40 சதவீதம் அளவுக்குக் குறைகிறது என்று 1976இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எடை அதே எடைதான், அதைத் தாங்கும் பரப்பு சுருங்கிவிடுகிறது. அதனால் எலும்புகள் விலகியிருப்பது தெரிந்தால் திருகாணியோ வலுவான கயிறோ போட்டு இழுத்துக் கட்டுகிறார்கள். விலகவில்லை என்றாலும் பல வாரம் ஆகும் என்றே எதிர்பார்க்கலாம்.

3. உள்பக்க நார்க் கிழிவு. தனியாக வருவது அபூர்வம். வந்திருந்தால் கூடவே எலும்பு முறிவோ மேல் நார்க் கிழிவோ இருக்கிறதா என்று தேடுவார்கள்.

4. எலும்பு முறிவு. இதில் குழப்பத்துக்கு இடமில்லை. எவர்ட்டனின் ஆந்த்ரே கோமஸ் 2019 நவம்பர் 3 அன்று கணு முறிந்து விலகிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆனால் அவர் 2020 பிப்ரவரி 23 அன்றே மீண்டும் ஆடினார். நேராக முறிந்து, நேராகப் பொருத்தப்பட்ட எலும்பு சில சமயம் மோசமான நார்க் கிழிவைவிட நம்பகமாக ஆறுகிறது.

5. குருத்தெலும்புச் சேதம். பிசகும்போது டேலஸின் மேற்பரப்பு கிண்ணத்தின் ஓரத்தில் இடித்து, வழவழப்பான மேல்பூச்சு பெயர்வது. சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் இல்லாததால் தானாக ஆறும் சக்தியும் மிகக் குறைவு. "சுளுக்கு சரியாகி மூன்று மாதம் ஆகியும் உள்ளே ஆழமாக வலிக்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

முதல் நாளிலேயே ஏன் எதுவும் சொல்வதில்லை

"மேலும் பரிசோதனைக்குப் பிறகே தெரியும்" என்று அணி நிர்வாகம் அறிவித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று ரசிகர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. புதிதாகப் பிசகிய கணுவில் எங்கே தொட்டாலும் வலிக்கும், வீக்கம் எல்லாவற்றையும் மூடியிருக்கும். நான்கைந்து நாள் கழித்து வீக்கம் வடிந்த பின் கையால் சோதிப்பதுதான் நார் அறுந்ததா இல்லையா என்பதை நம்பகமாகச் சொல்லும். வீக்கத்தின் அளவை வைத்துக் காயத்தின் அளவைச் சொல்லவே முடியாது.

எலும்பு முறிந்திருக்கிறதா என்பதை மட்டும் உடனே பார்த்தாக வேண்டும். அதற்கு 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் உருவாக்கிய எளிய விதிகள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. கணுப் பகுதியில் வலி இருந்து, கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

1. வெளிக்கணுவின் நுனியிலோ, அதன் பின் விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டருக்குள்ளோ எலும்பை அழுத்தினால் வலிப்பது.
2. உள்கணுவில் அதே இடங்களில் வலிப்பது.
3. காயம் பட்டவுடனும் சரி, மருத்துவரிடம் வந்த பிறகும் சரி, நான்கு அடிகூட எடை போட்டு நடக்க முடியாமல் இருப்பது.

பாதத்தின் நடுப்பகுதி வலித்தால், சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியையும் உள்பக்க மேடான எலும்பையும் அழுத்திப் பார்ப்பார்கள். இவை எதுவும் இல்லையென்றால் முறிவுக்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. வளரும் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவர்களுக்கு எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவருக்கு நார் அறும் அதே மடிப்பில் பிள்ளைக்கு அந்தத் தட்டு சேதமாகலாம்.

ஐஸ் வைத்துப் படுத்தால் போதுமா?

ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல். "ரைஸ்" என்ற இந்த நான்கையும் 1978இல் பிரபலமாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல ஆண்டுகள் கழித்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே எழுதினார். தன் பெயரோடு ஒட்டிவிட்ட ஒரு பாடத்தைத் தானே திருத்த முன்வந்தது பெரிய விஷயம். இன்றைய நிலை இதுதான்: முதல் இரண்டு மூன்று நாள் காலுக்குப் பாதுகாப்பு, கட்டு, உயர்த்தி வைத்தல் நல்லது. வலி பொறுக்க முடியாவிட்டால் ஐஸ் வைக்கலாம். ஆனால் முறிவு இல்லை என்று உறுதியானதும், வலி அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரமே எடை போட்டு நடக்கத் தொடங்க வேண்டும். அளவான இழுவை பட்டால்தான் புதிய நார் இழைகள் சரியான திசையில் அடுக்கப்படும். முதல் நாட்களில் அழுத்தி நீவுவதும் சூடு வைப்பதும் வீக்கத்தைக் கூட்டும்.

இங்கேதான் ரொம்பப் பேர் தவறுகிற இடம் வருகிறது. வலி போகும் வேகமும் நார் ஆறும் வேகமும் ஒன்றல்ல. மிதமான சுளுக்கில் இரண்டு வாரத்தில் வலி கணிசமாகக் குறைந்துவிடும். நாரில் புதிய இழைகள் உருவாகவே ஆறு வாரம் வரை ஆகும். அவை முறுக்கேறி வலுப்பெறுவது மாதக்கணக்கில், சிலருக்கு ஓர் ஆண்டு வரைகூடத் தொடரும். வலி இல்லை என்று மூன்றாம் வாரம் களமிறங்குபவர் ஆறாத நாரோடுதான் இறங்குகிறார். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டு இறங்கினால், எச்சரிக்கை மணியையும் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்.

இரண்டாவது பிசகல்

கணுக்கால் பிசகுவதற்கான மிகப் பெரிய காரணம் எது என்று கேட்டால், ஏற்கெனவே ஒருமுறை பிசகியிருப்பதுதான். நார் வெறும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் நரம்பு முனைகள் அதில் இருக்கின்றன. நார் கிழிந்தால் அந்தத் தகவலும் மங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு அடிபட்ட காலில் நின்று பார்த்தால் இது புரியும். வலியே இல்லாத கால் நடுங்கும், பாதம் இப்படியும் அப்படியும் ஆடி நிலைதேடும்.

சுளுக்கு வந்தவர்களில் 40 சதவீதம் வரை, கால் அடிக்கடி "விட்டுப்போகும்" நிலைக்கு ஆளாகிறார்கள். நெய்மாரின் வலது கணுக்காலை 2022இலிருந்து எண்ணுவது சரியல்ல. 2019 ஜூனிலேயே அதே காலில் நார் கிழிந்து அவர் கோபா அமெரிக்காவைத் தவறவிட்டார். டோட்டன்ஹாமில் இருந்தபோது ஹாரி கேனுக்கு 2019 ஜனவரியில் இடது கணுக்காலில் காயம். ஏப்ரல் 9 அன்று அதே காலில் மறுபடி. 53 நாள் கழித்து, ஜூன் 1 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு நேராக வந்து இறங்கினார். அந்த ஆட்டத்தில் அவரிடம் பழைய கூர்மை இல்லை, டோட்டன்ஹாம் 2-0 என்று தோற்றது.

இதன் கடைசிக் கட்டம் என்ன என்பதை நெதர்லாந்து வீரர் மார்கோ வான் பாஸ்டனின் கதையில் பார்க்கலாம். 1988இல் மூனிக் ஒலிம்பிக் மைதானத்தில், ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், ஓரத்திலிருந்து அவர் காற்றிலேயே அடித்த கோல் இன்றும் பேசப்படுகிறது. ஐந்து ஆண்டு கழித்து, 1993 மே மாதம், அதே மைதானத்தில்தான் அவர் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார். அப்போது வயது 28. அதன் பிறகு அறுவை சிகிச்சைகள், காத்திருப்பு, 1995இல் ஓய்வு அறிவிப்பு. குருத்தெலும்பு தேய்ந்து நடப்பதே வேதனையாகிப்போன அந்த மூட்டைப் பின்னாளில் அசையாதபடி ஒன்றாக இணைத்துவிட்டார்கள். வலி போனது, கணுக்காலின் அசைவும் கூடவே போனது.

முறையாகப் பயிற்சி செய்தும் கால் விட்டுப்போவது நிற்காதவர்களுக்கு, தளர்ந்த நாரை இழுத்து மறுபடி எலும்போடு தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. ஸ்வீடன் மருத்துவர் ப்ரோஸ்ட்ரம் 1960களில் விவரித்த முறையைத்தான் சிறு மாற்றங்களோடு இன்றும் செய்கிறார்கள். பலன் நல்லதுதான். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பை அது திருப்பித் தராது.

எதைச் செய்தால் குறையும்

ஒற்றைக்காலில் நின்று சமநிலை பயிலும் பயிற்சிகள், குறிப்பாக ஏற்கெனவே பிசகியவர்களுக்கு, மறு காயத்தைக் குறைக்கின்றன என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. ஃபிஃபாவின் "11+" என்ற இருபது நிமிட வார்ம்-அப்பில் இதுவும் ஒரு முக்கியப் பகுதி. நார்வேயில் இளம் வீராங்கனைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்களும், ஒரே உறுப்புக்கு அளவுக்கு மீறி வேலை கொடுப்பதால் வரும் காயங்களும் குறைந்தன. கருவி எதுவும் வேண்டாம், பந்தும் இடமும் இருந்தால் போதும்.

கணுக்கால் உறை அணிவது ஏற்கெனவே பிசகியவர்களுக்கு நல்ல பாதுகாப்பு. டேப் சுற்றுவதும் உதவும். ஆனால் ஆடத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே வியர்வையிலும் அசைவிலும் அதன் பிடி தளர்ந்துவிடும். முதல் பாதிக்குச் சுற்றிய டேப்பை நம்பி இரண்டாம் பாதியும் ஆடுவது வீண் நம்பிக்கை.

மீண்டும் களமிறங்கும் முடிவை காலண்டரைப் பார்த்து எடுக்கக் கூடாது. நல்ல பிசியோக்கள் இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் படிப்படியாகச் சோதிப்பார்கள்.

1. சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடும்போது, அடிபட்ட காலை இன்னொரு காலின் அளவுக்குச் சுவரிலிருந்து தள்ளி வைக்க முடிகிறதா?
2. ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவதில் இரண்டும் சமமா?
3. ஒற்றைக்காலில் முன்னேயும் பக்கவாட்டிலும் தாவி, இறங்கிய இடத்திலேயே ஆடாமல் நிற்க முடிகிறதா?
4. முழு வேகத்தில் ஓடி, யோசிக்காமல் சட்டென்று திரும்ப முடிகிறதா?
5. அணியோடு சேர்ந்து, டேக்கிள் உள்ள முழுப் பயிற்சியைச் சில முறை முடித்த மறுநாள் வீக்கம் வராமல் இருக்கிறதா?

நான்காவதில் "யோசிக்காமல்" என்பதுதான் முக்கியம். காலை ஊன்றுவதற்கு முன் ஒரு கணம் தயங்கும் வீரருக்கு மற்ற எல்லாச் சோதனையும் சரியாக இருந்தாலும், இன்னும் ஒரு வாரம் கொடுப்பார்கள்.